மொட்டை மறைத்த சேதி

முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறதா? முதலில் மருத்துவரிடம் போங்கள். மொட்டையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம், அம்மன் எங்கேயும் ஓடிவிட மாட்டாள். இந்த ஒன்றைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் இப்படி மொட்டையாகச் சொன்னால் யார் கேட்பார்கள்? நானே கேட்டிருக்க மாட்டேன். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் அரிமளம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பெயர் கலா. வீட்டுக்காரர் பாண்டியன், பைக் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். அவர் எனக்கு அத்தை மகன். அப்பாவின் கூடப்பிறந்த அக்காதான் என் மாமியார், அதனால் கல்யாணத்துக்குப் பிறகும் எனக்கு அவர் அத்தைதான். அத்தைக்கும் எனக்கும் உள்ள சண்டையும் பழைய சண்டைதான், புதிதாக எதுவும் தொடங்க வேண்டியிருக்கவில்லை. ஒரே மகள் யாழினி, ஆறாம் வகுப்பு.

இரண்டு வருடமாக எனக்குப் பெருங்குடலில் புண். இங்கிலீஷில் அதற்கு நீளமான பெயர் உண்டு. எளிதாகச் சொன்னால், உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரனே வீட்டுக்காரனைப் போட்டு அடிக்கிற வியாதி. வயிறு முறுக்கும், ரத்தம் போகும், பாதிக் கணக்கில் சாக்பீஸை வைத்துவிட்டு ஓட வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை போட்டால் அடங்கும், ஆனால் முகம் பூசணிக்காயாகிவிடும். பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

அந்த ஸ்டீராய்டிலிருந்து என்னை மெல்ல மீட்பதற்காக, புதுக்கோட்டையில் நான் பார்த்துவந்த குடல் மருத்துவர் அசதியோபிரின் என்ற மாத்திரையை எழுதினார். காவல்காரனைக் கொஞ்சம் தட்டி உட்கார வைக்கிற மருந்து அது. அவரைக் கவனக்குறைவான ஆள் என்று நான் சொல்லமாட்டேன். சிலருக்கு இது ஒத்துக்கொள்ளாமல் ரத்த அணுக்களைக் குறைத்துவிடும் என்றார். அதற்கென்று ஒரு மரபணுப் பரிசோதனை இருக்கிறது என்று சொல்லி ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார். நார்மல் என்று பதில் வந்தது.

“தைரியமா போடுங்க டீச்சர். ஒங்களுக்கு இது ஒத்துக்கும்” என்றார். முதல் வாரத்து ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தது. அடுத்ததை மாதக் கடைசியில் எடுத்தால் போதும் என்றார்.

வயிறு அடங்கியது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், அத்தைக்கு மட்டும் ஒரு கவலை பாக்கி இருந்தது. எனக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்த நாட்களில் அவர் எங்கள் ஊர் அம்மனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறார், மருமகளுக்கு ரத்தம் நின்றால் முடி காணிக்கை தருவதாக. யாருடைய முடி? என்னுடைய முடி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தை தன் முடியைக் கொடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கலாமே என்று கேட்டதற்கு, “எம்முடிய வெச்சு ஆத்தா என்ன பண்ணுவா, எலி வாலு மாதிரி கெடக்கு” என்றார்.

நான் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அப்போதுதான் முடி கொட்ட ஆரம்பித்தது.

கொட்டியது என்று எழுதினால் உங்களுக்குப் புரியாது. எல்லோருக்கும் முடி கொட்டும். எனக்கு, பள்ளிக்குக் கிளம்பும்போது சீப்பை வைத்து ஒரு இழு இழுத்தேன், ஒரு கைப்பிடி முடி வேரோடு வந்தது. வலிக்கவே இல்லை. குளித்துவிட்டு வந்தால் சாக்கடை மூடியில் கறுப்பாக அடைத்துக்கொண்டு நிற்கும். இரண்டு மூன்று நாளில் முன் தலையில் தோல் தெரிந்தது. போர்வெல் தண்ணீரை மாற்றிப் பார்க்கச் சொன்னார்கள், ஸ்டீராய்டு அப்படித்தான் செய்யும் என்றார்கள். சக டீச்சர் ஒருவர் சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்க்கச் சொன்னார், தேய்த்தேன். வெங்காய நாற்றம்தான் மிச்சம்.

அத்தைக்கு மட்டும் சந்தேகமே இல்லை. “நேந்துக்கிட்டதக் குடுக்காம வெச்சிருந்தா, அவளே எடுத்துக்கிறா. இன்னும் என்னத்தா யோசிக்கிற?”

எனக்குச் சாமி நம்பிக்கை உண்டு, பயமும் உண்டு. அதைவிட, அரைகுறைத் தலையோடு வகுப்பில் நிற்பதற்கு மொட்டைத் தலையே மேல் என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை போனோம். முடி இறக்குகிறவர் தண்ணீரைத் தெளித்து நனைத்தார், விரலோடு கொத்தாக வந்தது. கையைப் பார்த்துவிட்டு, “பிளேடே தேவையில்ல போலயே டீச்சர்” என்றார். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். காதுக்குப் பின்னால் லேசாகக் கீறிவிட்டது. சந்தனம் பூசியபிறகும் அந்த இடம் மட்டும் சிவப்பாகக் கசிந்துகொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா, “தலைக்கு வந்தது முடியோட போச்சுன்னு நெனச்சுக்கங்க” என்றார். பொங்கல் வைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

ஒரு சேதி சொல்ல வந்த முடியை நாங்களே வழித்துக் காணிக்கையாகப் போட்டுவிட்டோம் என்பது அன்றைக்கு எங்கள் யாருக்கும் தெரியாது.

மாதக் கடைசிப் பரிசோதனைக்கு முன்பே, சில நாளில் காய்ச்சல் வந்தது. வாயெல்லாம் புண், எச்சில் விழுங்க முடியவில்லை. மழைக்காலம், ஊரெல்லாம் டெங்கு. புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். வராந்தா வரைக்கும் கட்டில். ரத்தத்தில் வெள்ளையணு குறைவு, தட்டணுவும் குறைவு. வெள்ளையணு கிருமியோடு சண்டை போடுகிற அணு, தட்டணு ரத்தத்தை உறைய வைக்கிற அணு. டெங்குவில் இரண்டுமே குறையும். டெங்குப் பரிசோதனையில் இல்லை என்றுதான் வந்தது. ஆனாலும் சீசன் இதுதான், சில பேருக்கு அப்படித்தான் காட்டும் என்று சொல்லி குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

வந்த மருத்துவர்கள் ஒவ்வொருவரும் என் தலையைப் பார்த்தார்கள். “கோயில் மொட்டைங்களா?” “ஆமாங்க.” அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. எந்த ஊரில் மொட்டைத் தலையைப் பார்த்து யார் காரணம் கேட்கிறார்கள்? இங்கே பாதிப் பேர் வருடத்தில் ஒரு தடவை மொட்டைதான்.

மரபணுப் பரிசோதனை நார்மல் என்று சொல்லியிருந்ததால் மாத்திரையை யாரும் சந்தேகப்படவில்லை. செவிலியர் ஒருவர், “குடலுக்குப் போடுற மாத்திரைய விட்ராதீங்கம்மா, விட்டா அது வேற கெளம்பிரும்” என்று அக்கறையாகச் சொன்னார். புண்ணான வாயில் தண்ணீர்கூட எரியும், ஆனாலும் நான் ஒரு வேளை தவறவில்லை. என்னைக் கொன்றுகொண்டிருந்த மாத்திரையை நானே என் கையால் எடுத்து விழுங்கிக்கொண்டிருந்தேன்.

வெள்ளையணு ஆயிரத்துக்கும் கீழே போனபோது திருச்சிக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸில் மச்சான் என் காலைப் பிடித்துக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரரை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். “பயப்படாத கலா, இங்கிட்டு இருக்கிற டாக்டருங்க எல்லாம் பெரிய ஆளுங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வண்டி அப்போது பாதி வழியில் இருக்கிற கீரனூரைக்கூடத் தாண்டவில்லை.

திருச்சியில் தனி அறை. வருகிறவர்களுக்கு முகக்கவசம், பூ கூடாது, பழம் கூடாது, கொதிக்கக் கொதிக்கச் சமைத்தது மட்டும்தான் உணவு. ஒரு சாதாரணச் சளியே என்னை முடித்துவிடும் என்று புரிந்தபோது, கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் வருகிறவர் இருமுகிறாரா என்றுதான் முதலில் கேட்பேன். மச்சானின் விரல் இடுக்கெல்லாம் கிரீஸ். அவர் குழாயடியில் நின்று கையைத் தேய்த்துத் தேய்த்து, தோல் உரிந்து ரத்தம் வந்தபிறகுதான் உள்ளே வருவார். யாழினியை உள்ளே விடவில்லை, போனில்தான் முகம் பார்த்தேன். ஒரு நாள் அவள் என்னிடம், “அம்மா, இருபடிச் சமன்பாடுன்னா என்ன?” என்று கேட்டாள். ஆறாம் வகுப்பில் அது கிடையாது. என்னைப் பேச வைக்க யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்து கேட்கிறாள் என்று தெரிந்ததும் அழுதுவிட்டேன்.

ரத்த நோய்களைப் பார்க்கும் மருத்துவர் ஒரு பெண், டாக்டர் ரெஜினா. அதிகம் பேசமாட்டார். வந்தவர் எல்லோரையும் போலவே கேட்டார்.

“கோயில் மொட்டையா?”

“ஆமாங்க.”

ஆனால் அவர் அத்தோடு விடவில்லை. கையுறை போட்ட விரலால் என் தலையைத் தடவிப் பார்த்தார். முன்னும் பின்னும் தடவினார். காதுக்குப் பின்னால் பழுத்திருந்த கீறலைப் பார்த்தார். மறுபடி தடவினார்.

“மொட்ட போட்டு எவ்வளவு நாள் ஆச்சு?”

“ரெண்டு வாரம் ஆகப்போகுதுங்க” என்றார் அத்தை.

“அப்ப ஏன் ஒரு முள்ளு முடிகூட மொளைக்கல?”

நான் கையை வைத்துப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது, கண்ணாடியைத் தடவுவதுபோல. மொட்டை போட்ட தலை இப்படி இருக்காது. சொரசொரவென்று இருக்க வேண்டும், தலையணை உறையில் பிடிக்க வேண்டும். இத்தனை நாளும் அது எனக்கே தோன்றவில்லை.

“மொட்டைக்கு முன்னாடி முடி எப்படி இருந்துச்சு?”

“கொத்துக் கொத்தா வந்துச்சுங்க. அதனாலதானே போயி எறக்குனோம்” என்றார் அத்தை.

மருத்துவர் என் படுக்கைக்குப் பக்கத்து மேசையைப் பார்த்தார். மாத்திரை அட்டையை எடுத்தார். பெயரைப் படித்தார். அதைத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

“இத இனிமே தொடக் கூடாது. ஒரு மாத்திரைகூட” என்றார்.

நான் வாயைத் திறந்து, மரபணுப் பரிசோதனை செய்தோம், நார்மல் என்று வந்தது என்று குழறினேன். மாத்திரையை விட்டால் குடல் என்னாகும் என்ற பயம் வேறு.

“தெரியும்மா. நீங்க பாத்தது ஒரு மரபணு. இன்னொண்ணு இருக்கு” என்றவர், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ஒங்க ஊர்ல கண்மாய் இருக்கா?”

“இருக்குங்க.”

“அதுல தண்ணி நெறைஞ்சா வெளியேற கலுங்கு இருக்குமில்ல? இந்த மாத்திரை ஒடம்புக்குள்ள போயி ஒரு மருந்தா மாறும். அது மிஞ்சிப் போனா வடிஞ்சு போறதுக்கு ரெண்டு கலுங்கு இருக்கு. ஒண்ணு, நீங்க பரிசோதனை பண்ணிப் பாத்தது. அது நல்லா இருக்கு. ரெண்டாவது, நட் பதினஞ்சுன்னு ஒரு மரபணு பாத்துக்குற வேலை. அது ஒங்களுக்கு அடைஞ்சு கெடக்குன்னு நெனைக்கிறேன். மருந்து வடியாம தேங்கி, எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற எடத்தையே முக்கிருச்சு. முடியோட வேரையும் முக்கிருச்சு.”

“அப்ப ஏங்க அத மொதல்லயே பாக்கல?” மச்சானின் குரல் உயர்ந்தது.

“வெள்ளக்காரங்க ஒடம்புல அதிகமா அடையுறது மொதக் கலுங்கு. பரிசோதனைன்னு மொதல்ல வந்தது அவங்க ஒடம்பப் பாத்துத்தான். ரெண்டாவது அவங்ககிட்ட அபூர்வம். நம்ம பக்கமும், நமக்குக் கெழக்க இருக்கிற நாடுகள்லயும் அது சாதாரணமா இருக்கு. இப்பத்தான் கொஞ்ச வருசமா இது தெரிய வந்திருக்கு. பல எடத்துல இன்னும் பழைய பரிசோதனை மட்டும்தான் பண்றாங்க.”

நான் அந்த நார்மல் என்ற சொல்லையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். யாருக்கு நார்மல்? நான் பார்த்தே இராத நாட்டில், நான் பார்த்தே இராத மனுஷர்களின் உடம்பை வைத்து வந்த கேள்வியை என் ரத்தத்திடம் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு அது சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறது. என்னைப் பற்றிய கேள்வியை யாருமே கேட்கவில்லை. கோபமா, அழுகையா என்று தெரியவில்லை.

மாத்திரையை நிறுத்தியதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. தேங்கியது வடிய வேண்டுமே. வெள்ளையணுவை ஊற வைக்கிற ஊசி தினமும் போட்டார்கள். இடுப்பெலும்புக்குள் யாரோ உளியை வைத்துத் தட்டுவதுபோல வலிக்கும். காதுப் புண்ணிலிருந்து கிருமி ரத்தத்துக்குள் போயிருந்தது. குளிர் ஜுரம் வந்து கட்டிலே ஆடும். தினமும் காலையில் ரத்தம் எடுப்பார்கள், மதியம் எண்ணிக்கை வரும். எண்களோடு பிழைக்கிறவள் நான், அந்த ஒரு எண்ணைக் கேட்க மட்டும் காதைப் பொத்திக்கொள்வேன். மச்சான் கேட்டுவிட்டு வந்து கதவருகே நிற்பார். குறைந்திருந்தால், “சாப்டியா கலா?” என்பார். அதுவே பதில்.

அத்தை மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு அறையை எடுத்து, கஞ்சி காய்ச்சி, டம்ளரைக்கூட வெந்நீரில் போட்டு எடுத்து, ஊட்டிவிட்டுப் போவார். என் தலையை மட்டும் பார்க்க மாட்டார். தன்னைத் திட்டச் சொல்லி என்னைக் கேட்பதுபோல நிற்பார். எனக்கும் திட்ட வேண்டும் போலத்தான் இருந்தது, வாய்ப் புண்ணால் முடியவில்லை. வாய் ஆறியபோது திட்டத் தோன்றவில்லை.

ஒரு மதியம் மச்சான் கதவருகே வந்து நின்றார். சாப்டியா என்று கேட்கவில்லை. “ஏறிருச்சு” என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பில்லைப் பார்த்தபோதுகூட உட்காராத மனிதர்.

ரத்தத்தை அனுப்பி அந்த இரண்டாவது மரபணுவையும் பார்த்தார்கள். மருத்துவர் நினைத்ததுதான். மரபணு என்பது உடம்பு எப்படி வேலை செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிற நீளமான எழுத்து வரிசை. ஒவ்வொன்றும் நமக்கு இரண்டு பிரதி, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதியில் ஒரு எழுத்து மாறியிருந்தால் மருந்தைக் குறைத்துக் கொடுத்துப் பார்க்கலாம். எனக்கு இரண்டு பிரதியிலும் மாறியிருந்தது. அவ்வளவு பெரிய வரிசையில் ஒரே ஒரு எழுத்து. அதற்கா இத்தனை?

வீட்டில் மற்றவர்களுக்கும் பார்த்துவிடுங்கள் என்றார் மருத்துவர். நான் ஊருக்கு வந்து, குடலுக்கு வேறு வகை மருந்து தொடங்கி, பள்ளிக்கும் போக ஆரம்பித்தபிறகு அந்த முடிவுகளை வாங்கத் திருச்சிக்குப் போனோம். மச்சான், அத்தை, யாழினி எல்லோரும் வந்திருந்தார்கள்.

“ஒங்க வீட்டுக்காரருக்கு ஒரு பிரதி மாறியிருக்கு. ஒங்க அத்தைக்கும் ஒரு பிரதி” என்றார் டாக்டர் ரெஜினா. பிறகு யாழினியைப் பார்த்துச் சிரித்தார். “பாப்பா அம்மா மாதிரி. ரெண்டும்.”

பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்துகிறவள் நான். என்னிடம் இருப்பது இரண்டும் மாறிய பிரதி, அவரிடம் ஒன்று, ஆக இரண்டில் ஒரு வாய்ப்பு. நாணயத்தைச் சுண்டிக் காட்டித்தானே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். ஆனால் அந்த நாணயம் என் பிள்ளையின் மேல் விழுந்ததை என்னால் நம்ப முடியவில்லை. சரியாகப் பார்த்தீர்களா, பெயர் மாறிப்போயிருக்குமா என்று மறுபடி மறுபடி கேட்டேன்.

“பயப்பட ஒண்ணும் இல்ல டீச்சர். இது நோய் இல்ல. இந்த மாத்திரையும் இதோட இனத்து மருந்து ஒண்ணு ரெண்டும் வழக்கமான அளவுல ஆகாது, அவ்வளவுதான். ரத்தப் புத்துநோய்க்குக் கொடுக்கிற மருந்துலகூட இந்த இனம் உண்டு. அதனால வாழ்நாள் பூரா எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதச் சொல்லணும்” என்றார்.

அத்தை மெதுவாகக் கேட்டார். “நான்தாங்க எந் தம்பி மகளத்தான் கட்டணும்னு ஒத்தக் கால்ல நின்னேன். அதனாலயா?”

“சொந்தத்த விட்டு அசல்ல கட்டியிருந்தாலும் வந்திருக்கலாம்மா. நம்ம ஆளுங்ககிட்ட இது பரவலா இருக்கு. ஒங்கமேல பழி போட்டுக்காதீங்க.”

அத்தை தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாழ்நாள் பூரா சொல்ல வேண்டும் என்றால், யார் சொல்வது? இன்னும் ஐம்பது வருடம் கழித்து இவள் எந்த ஊரில் இருப்பாளோ. நினைவில்லாமல் கிடந்தால்? நான் இருக்க மாட்டேன், அவள் அப்பா இருக்க மாட்டார். எனக்கே அன்றைக்குப் பேச வாய் இல்லாமல்தானே கிடந்தேன். என் பயத்தை வாய்விட்டே சொன்னேன். மச்சான் போனில் பதிந்து வைக்கலாம் என்றார், அட்டை அடித்துக் கழுத்தில் போடலாம் என்றார்.

“போனு தொலைஞ்சிரும், அட்டையும் தொலைஞ்சிரும்” என்றார் அத்தை. அன்றைக்குத் திருச்சியிலிருந்து வந்தபிறகு அவர் பேசிய முதல் பேச்சு அது. பிறகு சேலைத் தலைப்பை ஒதுக்கிவிட்டுத் தன் இடது முன்கையை நீட்டினார். பச்சை குத்திய எழுத்து, சுருக்கத்துக்குள் நீலம் பாரித்துத் தெரிந்தது. அவருடைய அப்பாவின் பெயர். அவர் எனக்கும் தாத்தா. அந்த மாறிய எழுத்து எங்கள் எல்லோருக்கும் அவர் வழியாகவேகூட வந்திருக்கலாம்.

“எங்கப்பா போயி எத்தன வருசமாச்சு. பேரு இன்னும் அழியல பாரு. அந்த மாத்திர பேர இவ கையில எழுதி விட்ருவமா?”

“பிள்ளைக்குப் பச்சையா? என்னம்மா பேசுற நீயி” என்றார் மச்சான்.

யாழினி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை சொன்னது எதையும் நான் மறுத்துப் பேசாமல் விட்டதில்லை. என் முடியை என்னைக் கேட்காமல் கொடுத்தவர் இப்போது என் மகளின் தோலைக் கேட்கிறார். நான் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த எழுத்துகளை விரலால் தடவினேன்.

“குத்தையில ரொம்ப வலிச்சுச்சாங்கத்தை?” என்று கேட்டேன்.